சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய டேனிஷ் சோபா வாங்கப் போகிறவர்களுக்கு

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சோபா வாங்கினேன். பழைய சாமான் கடையில் பார்த்தபோது பச்சைக் கம்பளித் துணி பளிச்சென்று இருந்தது. தேக்குக் கைப்பிடி விளக்கு வெளிச்சத்தில் தேன் நிறத்தில் மின்னியது. அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. நண்பரின் வேனில் ஏற்றி, மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்கத் தூக்கிச் சென்று, டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். 'பட்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. டீக் கோப்பையோடு அப்படியே தரையைப் பார்க்க இறங்கிவிட்டேன். மெத்தையைத் தூக்கினால், அடியில் இருந்த கருப்பு ரப்பர் பெல்ட்டுகள் பிஸ்கட் போல ஒடிந்து கிடந்தன. துணி போன வருடம் மாற்றியது. பெல்ட் அறுபதுகளில் போட்டது.

அதே சோபாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெல்ட்டுகளை ஒரு சனிக்கிழமை மதியத்தில் நானே மாற்றினேன். முன்பின் தச்சுவேலை தெரியாத ஆள் நான். இந்தச் சோபாக்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. மரச்சட்டம் தனி, தாங்கும் பெல்ட் தனி, மெத்தை தனி, உறை தனி. சட்டம் மட்டும் நீடிக்கும். மற்றதெல்லாம் தேயும், மாற்றலாம். புதிதாக வாங்க வருகிறவர்கள் நேர்மாறாகப் பார்க்கிறார்கள், நான் பார்த்ததுபோல. துணியைப் பார்த்து மயங்கிச் சட்டத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எதைத் தேடுகிறோம்?

'டேனிஷ் மாடர்ன்' என்று இன்று விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் 1940-களிலிருந்து 1960-களின் இறுதிவரை டென்மார்க்கில் செய்த மரச்சாமான்களை. வேர் அதற்கும் முந்தையது. 1924-ல் கோபன்ஹேகன் ராயல் அகாடமியில் மரச்சாமான் வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. அதை நடத்திய கோரே கிளிண்ட், நாற்காலியை வரைவதற்கு முன் அதில் உட்காரப்போகிற உடம்பை அளக்கச் சொன்னவர். பழைய நாற்காலிகளையும் அளந்து பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னவர். அப்புறம் 1927 முதல் 1966 வரை கோபன்ஹேகன் தச்சர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தியது. வரைபவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என்று ஜோடி சேர்ந்து புதிய சாமான்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஃபின் யூல் வரைந்ததை நீல்ஸ் வோடர் செய்தார். ஹான்ஸ் வெக்னர் வரைந்ததை யோஹன்னஸ் ஹான்சன் பட்டறையில் செய்தார்கள். (டேனிஷ்காரர்கள் 'வெய்னர்' என்பார்கள். கடையில் நீங்கள் வெக்னர் என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். வெய்னர் என்றால் விலை குறையும் என்றும் சொல்வதற்கில்லை.)

பட்டறையில் கையால் செய்த அந்தச் சாமான்கள் இன்று ஏலக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும்தான் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தவை. அதனால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தேக்கு மரத்தில் சிலிக்கா உண்டு. அது மணல்போல உளியையும் ரம்பத்தையும் மழுக்கிவிடும். நம்மூர் ஆசாரி தேக்கில் வேலை செய்யும்போது நாளில் எத்தனை முறை உளியைத் தீட்டுவார் என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். சார்ல்ஸ் ஃபிரான்ஸ் என்ற ஆங்கிலேயர் டென்மார்க்கில் நடத்திய தொழிற்சாலையில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் பல் வைத்த வெட்டுக்கருவிகளால் இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். தேக்கில் இயந்திரத்தால் துல்லியமாக வெட்டலாம் என்றானதும் சோபாக்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போயின. பிரித்துக் கட்டி அனுப்புவதற்கு வசதியாகக் கைப்பிடிகளைப் போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். இந்த விஷயம் பின்னால் உங்கள் மாடிப்படியில் உதவும்.

இன்னொரு தொழிற்சாலை கெட்டாமா. டென்மார்க்கின் யூலந்து பகுதியில் கெட்ஸ்டெட் ஊரில் 1899-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்கள் செய்தது கடற்புல் அடைத்த மெத்தை! பின்னால் வெக்னர் அவர்களுக்காக வரைந்த சோபாக்கள், குறிப்பாக 1953-ல் வந்த ஜிஇ 290 வரிசை, இன்றும் சந்தையில் அடிக்கடி தென்படும். கைப்பிடி அகலமான பலகையாக, ஒரு காபிக் கோப்பை வைக்கிற அளவுக்கு இருக்கும்.

போர்கே மோகன்சன் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். 1945-ல் அவர் வரைந்த சோபாவுக்கு முதுகும் பக்கங்களும் மெல்லிய உருட்டுக் குச்சிகளால் ஆனவை. ஒரு பக்கக் கைப்பிடியைத் தோல்வாரை அவிழ்த்துக் கீழே சாய்த்தால் கால் நீட்டிப் படுக்கலாம். அந்தக் காலத்தில் அது ஓடவில்லை. 1963-ல் மீண்டும் தயாரிப்புக்கு வந்த பிறகுதான் மக்கள் வாங்கத் தொடங்கினார்கள். 1962-ல் தன் சொந்த வீட்டுக்காக அவர் வரைந்த தோல் சோபாதான் 2213. வங்கி, வழக்கறிஞர் அலுவலகம் என்று டென்மார்க்கில் எங்கே காத்திருந்தாலும் அதன்மேல் உட்கார்ந்துதான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பெயர்கள் இவ்வளவு போதும். முதல் சோபாவுக்குப் பெயர் தேவையே இல்லை என்பது என் கட்சி. பெயர் தெரியாத சிறு தொழிற்சாலைகள் அதே காலத்தில், அதே மரத்தில், அதே மூட்டுகளோடு செய்தவை எத்தனையோ உண்டு. பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே நல்ல கம்பளித் துணி வாங்கிவிடலாம்.

முதல் படி: வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வாசல் அகலம், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் கதவு எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா இரண்டு மீட்டர் நீளம்வரை போகும்.

உயரத்தையும் பாருங்கள். இந்தச் சோபாக்கள் தாழ்வானவை, இருக்கை பின்பக்கமாகச் சரிந்திருக்கும். சாய்ந்து உட்கார அருமை. மூட்டுவலி உள்ளவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். என் அம்மா வந்திருந்தபோது சோபாவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "தேக்குதானேடா இது, நம்ம தாத்தா ஈசிசேர் மாதிரி" என்று ஆசையாக உட்கார்ந்தாள். எழுந்திருக்க என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் படி: மெத்தையை எடுங்கள், சோபாவைக் கவிழுங்கள்

கூச்சப்பட வேண்டாம். விஷயம் தெரிந்த கடைக்காரர் தானே ஒரு பக்கம் பிடித்துக் கவிழ்ப்பார். முகம் சுளித்தால் அந்தக் கடையைவிட்டு வந்துவிடுங்கள்.

மெத்தைகளை எடுத்ததும் முதலில் கண்ணில் படுவது நிற வேறுபாடு. மெத்தைக்கு அடியில் வெயில் படாத இடத்தில் மரத்தின் பழைய நிறம் அப்படியே இருக்கும். வெளியே தெரியும் பாகம் அதைவிட மிகவும் வெளுத்திருந்தால் சோபா பல வருடம் ஜன்னலோரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அது குறையில்லை, எண்ணெய் கொடுத்தால் ஓரளவு சேர்ந்துவிடும். ஆனால் வெளியே மட்டும் கண்ணாடிபோலப் பளபளத்து, உள்ளே மங்கலாக இருந்தால் பின்னால் யாரோ வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுப்பது நாள்கணக்கான வேலை. விலையில் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து முதுகுப்பக்கம். நம்மூர் சோபாக்களை நாம் சுவரோடு ஒட்டிப் போடுவதால் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. செய்பவர்களும் அங்கே சாக்குத் துணியை ஆணியடித்து முடித்துவிடுவார்கள். நல்ல டேனிஷ் சோபாவில் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இழைத்து, மழுக்கி, முடிக்கப்பட்டிருக்கும். அறையின் நடுவில் போடலாம். முதுகுச் சட்டங்களை விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். நடுவில் ஒரு தடிமன், நுனியில் ஒரு தடிமன் என்று மெல்ல மெல்லச் சிறுத்துப் போவது கைக்குத் தெரியும். நேரான கட்டையை அப்படியே அறுத்துப் போட்டிருந்தால் அது மலிவு வேலை, அல்லது பின்னால் வந்த நகல்.

இப்போது மூட்டுகள். கால் எங்கே சட்டத்தைச் சந்திக்கிறது, கைப்பிடி எங்கே காலைச் சந்திக்கிறது என்று பாருங்கள். நல்ல சோபாவில் ஒரு கட்டையின் நுனியை நாக்குபோலச் செதுக்கி இன்னொரு கட்டையில் குடைந்த துளைக்குள் இறக்கியிருப்பார்கள். தச்சர்கள் சொல்லும் கழுந்து இதுதான். தொழிற்சாலைச் சோபாக்களில் மரக்குச்சி வைத்த மூட்டும் உண்டு, அதுவும் உறுதியானதே. கைப்பிடியின் வளைவில் இரண்டு துண்டு மரம் கைவிரல் கோத்ததுபோலச் சேர்ந்திருக்கிறதா? அதை ஒட்டுப்போட்டது என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். வளைவுக்குக் குறுக்கே மரத்தின் ரேகை ஓடினால் அங்கே மரம் ஒடியும். ஒடியாமல் இருக்க, ரேகை வளைவோடு போகிற மாதிரி துண்டுகளைத் தேர்ந்து கோத்திருக்கிறார்கள். அந்த இடத்தை விளக்கைச் சாய்த்துப் பார்க்கத் தவறாதீர்கள். செய்தவரின் கை தெரிவது அங்கேதான்.

ஆட்டிப் பார்க்கும் முறை இது. சோபாவை நிமிர்த்தி, ஒரு முன்காலை மட்டும் பத்து சென்டிமீட்டர் தூக்குங்கள். பக்கத்து முன்காலும் கிட்டத்தட்ட உடனே எழுந்தால் சட்டம் இறுக்கமாக இருக்கிறது. அது தரையிலேயே நிற்க, சட்டம் முறுகினால் மூட்டு விட்டிருக்கிறது. விட்ட மூட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது பிளவுக்கு. கால் சட்டத்தில் சேரும் இடத்திலோ பெல்ட் மாட்டும் பள்ளத்தின் ஓரத்திலோ ரேகை நெடுக வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். மூட்டில் யாராவது இரும்பு 'எல்' பட்டை வைத்துத் திருகு போட்டிருந்தாலும் அப்படியே. உள்ளே மூட்டு போய்விட்டது, பசையும் இனி பிடிக்காது என்பதற்கு அது அடையாளம்.

சிறு துளைகளைத் தேடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் குண்டூசித் துளைகள் இருந்தால் மரப்பூச்சி. தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் முற்றிய மரத்தை, அது அவ்வளவாகத் தொடாது. பீச் மரம் அதற்குப் பிரியம். துளை பழசா, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா? தட்டிப் பாருங்கள். வெளிறிய புதுத்தூள் கொட்டினால் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, மோந்து பாருங்கள். சிகரெட் நாற்றமும் நாய் நாற்றமும் மரத்தைவிட ஸ்பாஞ்சில்தான் தங்கும். மெத்தையை மாற்றும் எண்ணம் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

மூன்றாம் படி: என்ன மரம்?

தேக்கு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களில் நிற்கும் அதே பர்மா, தாய்லாந்துப் பக்கத்து மரம்தான் டென்மார்க்குக்கும் போயிற்று. தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, பொன்பழுப்பு நிறம், இடையிடையே கருங்கோடுகள். அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் உப்புத்தாளை லேசாகத் தேய்த்தால் தோல் வாசனை போல ஒன்று வரும். மறக்க முடியாத வாசனை.

ஓக் மரம் வெளிர்நிறம், கனம். வெட்டுமுகத்தைப் பொறுத்து ரேகைக்குக் குறுக்கே பட்டுத் துணிபோல மின்னும் திட்டுகள் தெரியும். பீச் இளஞ்சிவப்பு கலந்த வெளிர்நிறம், உடம்பெங்கும் சின்னச் சின்னக் கோடுகள். தேக்கு நிறச் சாயம் பூசிய பீச் சோபாக்கள் நிறைய உண்டு. அடிப்பக்கம் சாயம் எட்டாத மூலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியே தேக்கு, மெத்தைக்கு அடியில் மறையும் குறுக்குச் சட்டங்கள் பீச் என்று செய்ததும் உண்டு. அது ஏமாற்று இல்லை, சிக்கனம்.

கருஞ்சிவப்பும் கருங்கோடுமாக இருப்பதை டேனிஷ்காரர்கள் பாலிசாண்டர் என்பார்கள். நம்ம ஈட்டியின் உறவு. பெரும்பாலும் பிரேசில் மரம். அழகு என்றால் அப்படியோர் அழகு, ஆனால் சட்டச் சிக்கல் கூடவே வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காம் படி: முத்திரை

சோபா கவிழ்ந்திருக்கும்போதே முன்சட்டத்தின் உட்பக்கம், பின்சட்டத்தின் அடிப்பக்கம் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கெட்டாமா சோபாக்களில் சூடு போட்ட முத்திரையில் தொழிற்சாலை பெயரும் வெக்னர் பெயரும் இருக்கும். சார்ல்ஸ் ஃபிரான்ஸின் தொழிற்சாலை முதலில் ஃபிரான்ஸ் அண்ட் டாவர்கோசன் என்ற பெயரில் இருந்தது. அப்போது 'எஃப்டி' எழுத்துள்ள சிறு உலோக வட்டம் பதித்தார்கள். 1957-க்குப் பிறகு ஃபிரான்ஸ் அண்ட் சன். 1960-களின் பிற்பகுதியில் நிறுவனம் கைமாறி 'காடோ' என்றாயிற்று. ஆக, பெயர்த்தகடே வயதைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் வாங்குகிறவர்களுக்கு 'செலிக்' என்ற இறக்குமதியாளரின் வட்டச் சின்னம் அடிக்கடி அகப்படும். அது செய்தவர் பெயரில்லை, விற்றவர் பெயர்.

முத்திரை இல்லை என்றால் பொய்ச்சாமான் என்றில்லை. காகித லேபிள் ஐம்பது அறுபது வருடத்தில் உதிர்ந்திருக்கும். ஆனால் முத்திரை இல்லாத சோபாவுக்குப் பெயர் பெற்றவரின் விலை கேட்டால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் காலத்துத் தயாரிப்புப் பட்டியலின் பக்கத்தைக் காட்டினால் சரி. "பார்த்தாலே தெரியுதே" என்றால் உங்களுக்கும் பார்த்தாலே தெரிந்துவிட்டது என்று நடையைக் கட்டுங்கள்.

ஐந்தாம் படி: பெல்ட் மாற்றுவது

இது என் கையால் செய்து கற்றுக்கொண்டது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இருக்கையைத் தாங்குவது இரண்டு வகை. ஒன்று, முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே இழுத்து மாட்டிய எஃகுச் சுருள் கம்பிகள். இவை பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். துருவைத் துடைத்து, விட்டுப்போன கொக்கியை மாட்டினால் போதும். மற்றது ரப்பர் பெல்ட். இத்தாலியின் பிரெல்லி நிறுவனம், டயர் செய்கிறவர்களேதான், ரப்பருக்குள் நூலிழை வைத்துச் செய்த பெல்ட் அந்தக் காலத்தில் எங்கும் பரவியது. பெல்ட்டின் இரு முனையிலும் ஒரு தகடு கிளிப் கடித்திருக்கும். அந்தக் கிளிப் சட்டத்தில் இழைத்த சாய்வான பள்ளத்துக்குள் உட்காரும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. இழுவிசையே அதைப் பள்ளத்தில் பிடித்து வைத்திருக்கும்.

பெல்ட்டைக் கடையிலேயே சோதிக்கலாம். விரலால் மடக்குங்கள். மடிப்பில் நுண்வெடிப்புகள் தெரிந்தாலோ, விரலில் கருப்புத் தூள் ஒட்டினாலோ அதன் கதை முடிந்தது. ஒன்று மட்டும் அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது, வரிசையாகப் போகும்.

பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் எத்தனை இருந்தன, இடைவெளி என்ன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது ரப்பர் பெல்ட்டும் கிளிப்பும் சோபா வேலைக்கான சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 5 சென்டிமீட்டர் அகலம்தான் வழக்கம், ஆனாலும் பழையதை அளந்தே வாங்குங்கள்.

பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளம்வரை அளவெடுங்கள். என் சோபாவில் 54 சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்ட வேண்டும். 54-க்கு 48 அல்லது 49. அப்போதுதான் மாட்டும்போது இழுவிசை வரும். அளவு சரியாக வெட்டினால் உட்கார்ந்ததும் தொட்டில்போலத் தொங்கும். ரொம்பக் குறைத்தால் பலகைபோல விறைக்கும், சட்டத்தின் பள்ளத்துக்கும் கேடு. முதலில் ஒன்றே ஒன்று வெட்டி, மாட்டி, கையால் அழுத்திப் பார்த்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். நான் உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டினேன். கிளிப்புக்குள் போகும் நீளத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு சுருள் வாங்க வேண்டியதாயிற்று.

பெல்ட்டின் முனையைக் கிளிப்பின் வாய்க்குள் முழுவதும் தள்ளி, வைஸில் வைத்து இறுக்கினால் கிளிப்பின் பற்கள் ரப்பரைக் கடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடிக்க வேண்டாம், கோணும். கோணிய கிளிப் ஒருநாள் வழுக்கும். ஒரு முனையைப் பின்சட்டப் பள்ளத்தில் வைத்து, மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்து முன்சட்டத்தில் இறக்குங்கள். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். நழுவினால் கிளிப் நேரே மூக்குக்கு வரும்.

சில சோபாக்களில் பள்ளமே இருக்காது, பெல்ட்டை ஆணியால் அடித்திருப்பார்கள். அங்கே பழைய ஆணித் துளைகளைப் பசையும் மரக்குச்சியும் வைத்து அடைத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக அடிப்பது நல்லது.

ஆறாம் படி: மரத்தைச் சுத்தம் செய்வது

கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்: இயந்திர உப்புத்தாளை இந்தச் சோபாவின் பக்கம் கொண்டுவராதீர்கள். கைப்பிடியின் ஓரத்தில் ஓடும் அந்தக் கூர்மையும் மழுக்கலும்தான் வடிவமே. ஒரு நிமிட இயந்திரத் தேய்ப்பில் அது வழுவழு சோப்புக் கட்டி ஆகிவிடும்.

தேக்குக்கு: வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு, பிழிந்த துணி, துடைத்து உடனே உலர்த்துங்கள். பிசுக்குப் போகவில்லையென்றால் மினரல் டர்பன்டைனில் நனைத்த மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் ரேகையோடு, ரேகைக்குக் குறுக்கே அல்ல, மெதுவாகத் தேய்க்கலாம். ஒரு நாள் காய்ந்ததும் தேக்கு எண்ணெயைத் துணியால் பூசி, கால்மணி நேரம் விட்டு, ஊறாமல் நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசின்போல ஒட்டும். மறுநாள் இன்னொரு தடவை. நூறு வாட் பல்பு போட்டதுபோல மரம் கண் திறக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, விளையாட்டில்லை. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஓக் மரத்துக்கு ஸ்டீல் உல் ஆகவே ஆகாது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்புத்துகள் ரேகையில் தங்கி ஈரம் பட்டால் கருநீலப் புள்ளிகளாகப் பூத்துவிடும். நைலான் பஞ்சு போதும். டென்மார்க்கில் ஓக், பீச் சோபாக்களுக்குச் சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்து அந்த நுரையால் துடைப்பது பழைய வழக்கம். மரம் வெளிறிய பட்டுபோல ஆகும், எண்ணெய்போல மஞ்சளாக்காது. அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும், ஆனால் செலவே இல்லை.

ஏழாம் படி: மெத்தையும் துணியும்

பழைய மெத்தையை அழுத்திப் பாருங்கள். உள்ளே சுருள்வில் இருந்தால் அதிர்ஷ்டம். வில்லை வைத்துக்கொண்டு மேலே சுற்றியிருக்கும் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்ச் என்றால் பெரும்பாலும் மஞ்சள் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். புதிதாக வாங்கும்போது கனமீட்டருக்கு 35 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியில், நன்றாக எழும்பும் ரகமாகக் கேளுங்கள். தடிமனைக் கூட்டாதீர்கள். "இன்னும் ரெண்டு இன்ச் போட்டால் சொகுசு" என்று குஷன் கடையில் சொல்வார்கள். போட்டால் உங்கள் முழங்கை கைப்பிடிக்கு மேலே மிதக்கும், முதுகுச் சாய்வு இடுப்போடு நின்றுவிடும். வரைந்தவர் அளந்து வைத்த கணக்கு அது.

பழைய உறையைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தெடுத்தால் அதுவே தையற்காரருக்கு அளவுத் துணி. 140 சென்டிமீட்டர் அகலத் துணியில், 60 சென்டிமீட்டர் சதுர இருக்கை மெத்தை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆகும். கோடோ கட்டமோ போட்ட துணி என்றால் கோடு சேர்க்க இன்னும் வேண்டும்.

துணியில் நான் கஞ்சத்தனம் செய்ய மாட்டேன். நன்னா டிட்சல் 1965-ல் வடிவமைத்த ஹாலிங்டால் என்ற துணி 70 சதவீதம் கம்பளி, 30 சதவீதம் விஸ்கோஸ். இன்றும் க்வாட்ராட் நிறுவனம் நெய்கிறது. கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் ரயில் இருக்கைகளில் போடுகிற அளவுக்கு உழைப்பு. அதே காலத்துத் துணி என்பதால் சோபாவோடு ஒத்துப்போகும். அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் வேறு கம்பளிக் கலப்புத் துணி போதும். வெல்வெட் மட்டும் வேண்டாம். போட்டுப் பார்த்தவர் வீட்டைப் பார்த்திருக்கிறேன், பாகவதர் ஜிப்பா போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆட வந்ததுபோல இருந்தது.

எல்லை தாண்டும்போது

பிரேசில் பாலிசாண்டர் மரம் 1992 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தால் ஆன சோபாவைச் சான்றிதழ் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே விற்பதற்கும் சான்றிதழ் வேண்டும். 1947-க்கு முந்தைய பழம்பொருளுக்கு உள்ள சலுகை அறுபதுகளின் சோபாவுக்குச் செல்லாது. வாங்கும்போதே சான்றிதழைக் கேளுங்கள். பிறகு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லலாம்.

லண்டன் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு: 1988-ல் வந்த அந்த நாட்டுத் தீத்தடுப்பு விதிகள் 1950-க்கு முன் செய்த மெத்தைச் சாமான்களுக்குத்தான் விலக்கு தருகின்றன. பழைய ஸ்பாஞ்சும் துணியுமாக அறுபதுகளின் சோபாவைக் கடையில் விற்கக் கூடாது. அதனால் அங்கே வெறும் சட்டமாக விற்பதையும் பார்க்கலாம். நமக்கு வேண்டியதும் அதுதானே.

சரி, வாங்கியாயிற்று. தூக்குவதற்கு முன் கைப்பிடிக்கு உட்பக்கம் போல்ட் தலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கழற்றிவிடலாம்; இரண்டு பக்கச் சட்டங்கள், ஒரு இருக்கை, ஒரு முதுகு என்று சோபா தட்டையாகிவிடும். இடது எது, வலது எது என்று காகித டேப்பில் எழுதி அடிப்பக்கம் ஒட்டுங்கள். போல்ட்டையும் வாஷரையும் ஒரு பையில் போட்டு இருக்கைச் சட்டத்தின் அடியிலேயே கட்டிவிடுங்கள். என்னுடையவற்றைக் கோட்டுப் பையில் போட்டேன். மறுநாள் அந்தக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்துவிட்டேன்.